பூட்டப்படாத அறை

அரபு மொழியில் 'அஜ்ர்' என்றொரு சொல் உண்டு. உழைத்தவனுக்கு உழைப்பித்தவன் கொடுக்கும் கூலிக்கும் அதுவே பெயர். நல்லடியார்க்கு வல்ல அல்லாஹ் மறுமையில் அளிக்கும் நற்கூலிக்கும் அதுவே பெயர். கூலிக்கு அமர்ந்தவன் 'அஜீர்'. அவனை அமர்த்தும் உடன்படிக்கை 'இஜாரா'. ஹிஜ்ரி 593இல் மறைந்த இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானி (ரஹ்) அவர்கள் யாத்தளித்த 'ஹிதாயா'வில் இந்த இஜாராவுக்கென்றே நீண்டதொரு பாடம் இருக்கிறது. ஃபர்கானா மண்ணில் பிறந்த பெரியார் அவர். அப்பாடத்தைப் புரட்டினால் கடைத்தெருவுக்குள் நுழைந்தது போலிருக்கும். சாயமிடுவோர், சுமை தூக்குவோர், ஆட்டிடையர், ஒட்டகம் வாடகைக்கு விடுவோர் எல்லாரும் வரிசையாக வந்து வழக்குரைத்துப் போவார்கள்.

அவர்களுள் ஒரு தையற்காரரும் வருகிறார். தம்மோடு இருந்து தைப்பதற்கு ஒரு பையனைக் கூலிக்கு அமர்த்துகிறார். பிறகு முதலை இழந்து நொடித்துப் போய்த் தொழிலையே விட்டுவிடுகிறார். உடன்படிக்கையை இடையில் முறிக்கலாமா? முறிக்கலாம். நொடிப்பு ஓர் 'உத்ர்', அதாவது ஏற்கத்தக்க காரணம் என்பது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்பு. (ஷாஃபிஈ மத்ஹபில் இத்தகைய காரணத்துக்கும் இடமில்லை.) இனி, அவர் நொடிக்கவில்லை, தையலை விட்டு நாணயமாற்றுத் தொழிலுக்குப் போக ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது பையனை அனுப்பிவிடலாமா? கூடாது. கடையின் ஒரு மூலையில் பையன் தைத்துக் கொண்டிருக்க, மறு மூலையில் இவர் காசு மாற்றிக் கொண்டிருக்க இயலுமே!

இந்த இடம் வந்தால் மாணவர்கள் சிரிப்பார்கள். ஒரு மூலையில் ஊசியும் நூலும், மறு மூலையில் தினாரும் திர்ஹமும் என்ற காட்சி யாருக்கும் சிரிப்பூட்டக் கூடியதுதான். ஆனால் 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இதே பாடத்தை நடத்திய நாளில் ஒரு மாணவன் சிரிக்கவில்லை. பாடம் முடிந்தபின் தனியே வந்து நின்றான். அவனுடைய அண்ணன் அமெரிக்காவில், பெயர் வேண்டாம், பெரியதொரு கணிப்பொறி நிறுவனத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். ஒருநாள் விடியற்காலை எழுந்து கணிப்பொறியைத் திறந்தால் அலுவலக வாயில் அவருக்குத் திறக்கவில்லை. வேலை இல்லை என்ற மின்னஞ்சல் சொந்த முகவரிக்கு வந்து கிடந்தது.

"ஹஜ்ரத், அந்தக் கம்பெனி நொடிக்கவில்லை. வேறு துறையில் பணம் போடப் போகிறோம் என்கிறார்கள். அண்ணனை ஒரு மூலையில் உட்கார வைத்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான்.

அமெரிக்க வழக்கில் பெரும்பாலான வேலைகளுக்குத் தவணை கிடையாது. எந்த நாளிலும் இரு தரப்பில் எவரும் விலகலாம். தவணை குறித்த இஜாராவுக்குச் சொன்ன தீர்ப்பு இதன்மீது அப்படியே பொருந்தாது என்று நான் விடை கூறினேன். விடையில் பிழையில்லை. ஆனால் பையனின் முகம் தெளியவில்லை. கேள்வி என்னையும் விடவில்லை. சட்டம் இருக்கட்டும், அந்த நாட்டில், அந்தத் தொழிலில், பையனை மூலையில் இருத்தி வைத்த முதலாளி எவரேனும் இருந்தாரா என்று தேடிப் படிக்கலானேன். இருந்தார்கள் என்று வரலாறு கூறுகிறது.

கலிபோர்னியாவில் பாலோ ஆல்டோ என்று ஓர் ஊர். அங்கே ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஃபிரெடெரிக் டெர்மனிடம் பயின்ற தோழர் இருவர், வில்லியம் ஹியூலெட்டும் டேவிட் பாக்கார்டும். 1939ஆம் ஆண்டு, அடிசன் அவென்யூவில் 367ஆம் எண் வீட்டின் பின்னால் இருந்த கார்க் கொட்டகையில், 538 டாலர் முதலோடு தொழில் தொடங்கினார்கள். யார் பெயரை முன்னால் வைப்பது என்பதைக் காசு சுண்டித் தீர்மானித்தார்கள். ஒலி அதிர்வை அளந்து உண்டாக்கும் 'ஆஸிலேட்டர்' என்னும் கருவியே அவர்களின் முதற் சரக்கு. திரைப்படத் தயாரிப்பாளர் வால்ட் டிஸ்னியின் நிறுவனம் அவற்றில் எட்டு வாங்கியது. இன்று 'சிலிக்கான் பள்ளத்தாக்கு' என்று உலகம் அழைக்கும் தொழில் நிலத்துக்கு அந்தக் கொட்டகையைத்தான் பிறப்பிடம் என்று அந்நாட்டார் குறித்து வைத்திருக்கிறார்கள்.

இவ்விருவரும் சூஃபிகளல்லர், இலாபம் தேடிய வணிகர்களே. இலாபமே தங்கள் முதற் குறிக்கோள் என்று எழுதியும் வைத்தவர்கள். ஆயினும் 1940களிலேயே ஒரு முடிவு எடுத்தார்கள். பெரிய ஒப்பந்தம் கிடைத்தால் ஆட்களைக் கும்பலாகச் சேர்ப்பது, அது முடிந்ததும் கும்பலாக வெளியே தள்ளுவது என்ற தொழில் தங்களுக்கு வேண்டாம் என்பதே அம்முடிவு. அரசின் இராணுவ ஒப்பந்தங்கள் மலிந்திருந்த காலம் அது. வந்த சீதேவியைக் காலால் உதைக்கிறார்களே என்று கண்டவர்கள் எண்ணியிருக்கக் கூடும். தொழிலாளி ஒருவர் காசநோயால் இரண்டாண்டு வேலைக்கு வர இயலாமற் போனபோது அக்குடும்பம் பட்ட பாட்டைக் கண்டு, பெருநோய்களுக்கான காப்பீட்டை எல்லாத் தொழிலாளருக்கும் ஏற்படுத்தினார்கள். அக்காலத்தில் அது அரிய செய்தி. 1967இல் ஜெர்மனியின் பூப்ளிங்கன் நகரத் தொழிற்சாலையில், காலையில் குறித்த ஒரு நேர வரம்புக்குள் எப்போது வேண்டுமானாலும் வந்து, உரிய மணிநேரம் உழைத்துவிட்டுப் போகலாம் என்ற ஏற்பாட்டைக் கொண்டு வந்தார்கள்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தது ஒரு பூட்டின் கதை. பாக்கார்டு இளமையில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அங்கே கருவிகளையும் உதிரிப் பொருள்களையும் தொழிலாளர் திருடிவிடுவார்களோ என்று காவல் வைத்திருந்தார்களாம். விளைவு? நம்மைத் திருடர் என்று எண்ணுகிறார்களா, அந்த எண்ணம் வீணாக வேண்டாம் என்று பலர் கையில் அகப்பட்டதை எடுத்துப் போனார்களாம்! அதனால் தம் நிறுவனத்தில் பண்டக அறை எப்போதும் திறந்தே இருக்கவேண்டும் என்று விதித்தார். பொறியாளர் வேண்டிய கருவியை எடுக்கலாம். வீட்டுக்கும் கொண்டு போகலாம். ஒரு வாரக் கடைசியில் ஹியூலெட் ஏதோ ஒரு கருவியைத் தேடித் தொழிற்சாலைக்கு வந்தார். பண்டக அறை பூட்டியிருந்தது. முதலாளியான அவர் தாழை உடைத்து உள்ளே போனார். இவ்வறையை இனி ஒருபோதும் பூட்டக் கூடாது என்று ஒரு சீட்டு எழுதி வைத்துவிட்டுப் போனார். கடையைத் திருடனிடமிருந்து காக்கப் பூட்டுப் போடுவோரை நாம் அறிவோம். தம் ஊழியர்மீது கொண்ட நம்பிக்கைக்காகத் தம் பூட்டையே உடைத்தவரை அறிந்தவர் சிலரே.

1970இல் அந்த நம்பிக்கைக்குச் சோதனை வந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் தளர்ந்தது. பாக்கார்டு அப்போது வாஷிங்டனில் பாதுகாப்புத் துறைத் துணைச் செயலாளராக இருந்தார்; நிறுவனத்தின் பொறுப்பு முழுவதும் ஹியூலெட்டின் தோளில். வரும் வேலை, இருக்கும் ஆள்களுக்குப் போதவில்லை. கணக்குப் பார்த்தால் பத்துப் பேரில் ஒருவர் மிகை. மற்ற நிறுவனங்கள் செய்ததையே இவரும் செய்திருந்தால் எவரும் குறை கூறியிருக்கப் போவதில்லை. அவர் என்ன செய்தார்? பத்தில் ஓர் ஆளைக் கழிப்பதற்குப் பதிலாகப் பத்தில் ஒரு நாளைக் கழித்தார். இரண்டு வாரத்துக்குப் பத்து வேலைநாள் என்பது ஒன்பதாயிற்று. ஒன்றுவிட்ட வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் விடுமுறை. சம்பளமும் பத்தில் ஒரு பங்கு குறைந்தது. கடைநிலை ஊழியருக்கு மட்டுமன்று, தலைவர் முதல் அனைவருக்கும் குறைந்தது. (வெள்ளிக்கிழமை என்றதும் நம் வாசகர்கள் புன்னகை செய்யலாம். அது தற்செயல், வார இறுதியோடு சேர்ந்து மூன்று நாள் கிடைக்கட்டும் என்பதே அவர்கள் எண்ணம்.) ஏறத்தாழ ஆறு மாதத்தில் வேலை மீண்டது, சம்பளமும் பழைய நிலைக்குத் திரும்பியது. ஒருவர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை.

ஈராண்டு கழித்து, 1972இல், சட்டைப் பைக்குள் அடங்கும் கணக்குக் கருவியொன்றை அந்நிறுவனம் வெளியிட்டது. 395 டாலர் விலை. பொறியாளர் தலைமுறை தலைமுறையாகக் கையில் வைத்திருந்த 'ஸ்லைடு ரூல்' என்னும் அளவுகோலை அது சில ஆண்டுகளில் அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டது. இவ்வளவு விலைக்கு யாரும் வாங்கமாட்டார்கள் என்று சந்தை ஆய்வு சொல்லியும் செய்து பார்த்தார்கள். 1970இன் வெள்ளிக்கிழமைகள்தாம் இக்கருவியைத் தந்தன என்று கூற நான் துணியேன். அதைச் செய்யக்கூடிய கைகள் கலைந்து போகாமல் அங்கே இருந்தன என்று மட்டும் கூறலாம்.

இவ்விடத்தில் மூஸா (அலை) அவர்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. எகிப்திலிருந்து தப்பி மத்யன் வந்த அவர்களை, கிணற்றடியில் தாம் நீர் புகட்டி உதவிய பெண்களின் தந்தை வேலைக்கு அமர்த்துகிறார். அப்பெரியவரை ஷுஐப் (அலை) என்பர் பலர். இறைமறை பெயர் கூறவில்லை. தவணை எட்டு ஆண்டு. பத்தாக நிறைவு செய்தால் அது மூஸா (அலை) அவர்களின் விருப்பம். தாம் அவருக்குச் சிரமம் தர நாடவில்லை என்று முதலாளியே சொல்லிவிடுகிறார். மூஸா (அலை) அவர்கள் இரு தவணையில் கூடுதலானதையே நிறைவேற்றினார்கள் என்பது இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் அறிவிப்பு. அந்த எட்டு ஆண்டு உடன்படிக்கையில் அடங்கியது. கேட்டுப் பெற முடியாத இரண்டு ஆண்டு, சிரமம் தரமாட்டேன் என்று சொன்ன நாவுக்குக் கிடைத்தது. இன்று நிர்வாகக் கல்லூரிகளில் ஊழியரின் ஊக்கம் என்று பெரிய பெரிய புத்தகங்களில் எழுதுகிறார்களே, அது இந்த இரண்டு ஆண்டைப் பற்றிய பேச்சுத்தான். கருவியை வீட்டுக்கு எடுத்துச் சென்று நள்ளிரவில் உருட்டிக் கொண்டிருக்கும் பொறியாளன் எந்த உடன்படிக்கையின்படி அதைச் செய்கிறான்?

ஹியூலெட்டுக்கு முன்பே இவ்வழி நடந்தவர்களும் உண்டு. ஐ.பி.எம். நிறுவனத்தின் தாமஸ் வாட்சன் 1930களின் பெரும் பஞ்ச காலத்தில் ஆட்களை அனுப்பாமல் இயந்திரங்களைச் செய்து கிடங்கில் அடுக்கிக் கொண்டே இருந்தார். 1935இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்து கோடிக்கணக்கானோர் கணக்கை எழுத வேண்டியதானபோது, இயந்திரமும் ஆளும் ஆயத்தமாக இருந்த நிறுவனம் அதுவே. ஆனால் அதே ஐ.பி.எம். 1993இல் எண்ணூறு கோடி டாலர் நட்டம் கண்டது. வெளியிலிருந்து வந்த தலைவர் லூ கெர்ஸ்ட்னர் பழைய வழக்கத்தைத் தொடர இயலாது என்று கண்டார். 1980களின் நடுவில் நான்கு இலட்சத்தைத் தாண்டியிருந்த ஊழியர் தொகை 1994இல் இரண்டேகால் இலட்சத்துக்கும் கீழே இறங்கியது. இதை நான் குறை கூறமாட்டேன். இவர் நொடித்த தையற்காரர், 'உத்ர்' இருந்தது. ஆறு மாதத் தளர்ச்சிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை மருந்தாகலாம். தொழிலின் அடித்தளமே நழுவும்போது அது போதாது.

மீண்டும் பாலோ ஆல்டோவுக்கு வருவோம். பாக்கார்டு 1996இல் மறைந்தார். 1999இல் நிறுவனத்தின் தலைமை முதன்முறையாக வெளியாரான கார்லி ஃபியோரினா அம்மையாரிடம் வந்தது. 2001 ஜனவரியில் ஹியூலெட்டும் மறைந்தார். அந்த ஆண்டு கணிப்பொறித் தொழிலுக்குக் கடும் ஆண்டு. இணைய நிறுவனங்கள் சீட்டுக்கட்டு வீடு போலச் சரிந்து கொண்டிருந்தன. அவ்வாண்டு கோடையில் நிறுவனம் ஊழியரிடம் ஒரு வேண்டுகோள் விடுத்தது. சம்பளத்தில் ஒரு பகுதியையோ, விடுமுறை நாள்களில் சிலவற்றையோ தாமாக முன்வந்து விட்டுக்கொடுங்கள் என்றது. கட்டாயமில்லை, மறுத்தாலும் குற்றமில்லை. எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டார்கள். நிறுவனத்துக்கு ஏறத்தாழப் பதின்மூன்று கோடி டாலர் மிச்சம் என்று மதிப்பிட்டார்கள்.

எண்பதாயிரம் பேர்! 1970ஐக் கண்ணால் கண்டவர்கள் அவர்களுள் சிலரே இருந்திருப்பார்கள். மற்றவர்கள் அந்தக் கதையைக் கேட்டவர்கள். கேட்ட கதையை நம்பி ஒரு கூட்டம் தன் சம்பளத்தைத் தானே குறைத்துக் கொண்டது என்பது வணிக வரலாற்றில் அடிக்கடி காணக்கூடிய நிகழ்ச்சியன்று. மூஸா (அலை) அவர்களின் கூடுதல் இரண்டு ஆண்டைப் போன்ற ஒன்றை அவர்கள் கொண்டுவந்து முதலாளியின் முன் வைத்தார்கள்.

2001 ஜூலை 26ஆம் நாள், ஆறாயிரம் பேரை வேலையிலிருந்து நீக்கப் போவதாக நிறுவனம் அறிவித்தது. விட்டுக்கொடுத்த சம்பளத்தின் பேனா மை உலர்ந்து சில வாரங்களே ஆகியிருந்தன. செப்டம்பரில் காம்பாக் நிறுவனத்தை இணைத்துக் கொள்ளும் திட்டம் வந்தது. அதற்கெனப் பதினைந்தாயிரம் இடங்கள் போகும் என்றார்கள். ஹியூலெட்டின் மகன் வால்டர் அந்த இணைப்பை எதிர்த்துப் பங்குதாரரிடையே போராடினார். 2002 வசந்தத்தில் நடந்த வாக்கெடுப்பில் சிறிய வேறுபாட்டில் தோற்றார். ஃபியோரினா அம்மையார் 2005இல் பதவி இழந்தார். அவருக்குப் பின் வந்தவர்களும் 2012இல் 27,000 என்றும் பிறகு அதற்கு மேலும் கழித்துக் கொண்டே போனார்கள். 2015இல் நிறுவனமே இரண்டாகப் பிளந்தது. இவற்றுக்கெல்லாம் சந்தைக் காரணங்கள் உண்டு. அச்சுப்பொறியும் மேசைக் கணிப்பொறியும் பழைய இலாபம் தராத காலம் வந்திருந்தது. ஆட்குறைப்பே அந்நிறுவனத்தைக் கெடுத்தது என்று ஒரே சொல்லில் முடித்துவிட நான் விரும்பவில்லை. ஆனால் 2001 ஜூலைக்குப் பிறகு, தாமாக முன்வந்து தாருங்கள் என்று அந்த வாசலில் மீண்டும் கேட்டிருந்தால் எத்தனை கைகள் நீண்டிருக்கும்?

வேலை போனவரின் துயரம் கண்ணுக்குத் தெரியும். எஞ்சியவரின் நிலையோ எளிதில் தெரியாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஜோயல் பிராக்னர் என்ற பேராசிரியர் 1980கள் முதல் இதையே ஆராய்ந்து வந்தார். பக்கத்து நாற்காலி காலியான பிறகு அங்கே இருப்பவன் எப்படி உழைக்கிறான் என்பதே அவருடைய கேள்வி. போனவர் நியாயமாக நடத்தப்பட்டாரா, காரணம் விளங்கச் சொல்லப்பட்டதா, கையில் ஏதேனும் கொடுத்து அனுப்பினார்களா என்பதை எஞ்சியவன் பார்த்துக் கொண்டிருக்கிறான். அதைப் பொறுத்தே அவன் பற்று நிற்கிறது அல்லது போகிறது என்று அவர் ஆய்வுகள் காட்டின. நம் வீடுகளில் மூத்த மருமகளை நடத்தும் விதத்தை இளைய மருமகள் பார்த்திருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜப்பானில் நின்டெண்டோ என்னும் விளையாட்டுக் கருவி நிறுவனத்தின் தலைவராக இருந்த சதோரு இவாதா இதை நன்கறிந்தவர். அவரே முன்பு கணிப்பொறி நிரல் எழுதிய ஊழியர். 2014 ஜனவரியில் வியாபாரம் விழுந்தபோது அவர் தம் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாகக் குறைத்துக் கொண்டார். வேலை போய்விடுமோ என்று அஞ்சிக் கொண்டிருப்பவரால் உலகை மகிழ்விக்கும் விளையாட்டைப் படைக்க இயலுமா என்பது அவர் எழுப்பிய ஐயம். 2015இல் அவர் காலமானார்.

இனி என் மாணவனின் அண்ணனுடைய காலத்துக்கு வருவோம். 2022 நவம்பரில் ட்விட்டர் ஊழியரில் ஏறத்தாழப் பாதிப் பேர் ஒரே வாரத்தில் வெளியேற்றப்பட்டார்கள். அதே மாதம் ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா 11,000 பேரை நீக்கியது. 2023 ஜனவரியில் அமேசான் 18,000, மைக்ரோசாஃப்ட் 10,000, கூகுள் 12,000 என்று அறிவித்தன. நொடித்தவர் யார் இவர்களுள்? கூகுளின் தாய் நிறுவனம் 2022இல் ஈட்டிய நிகர இலாபம் ஏறத்தாழ ஆறாயிரம் கோடி டாலர். பெருந்தொற்றுக் காலத்தில் வேலை பெருகும் என்று எண்ணி அளவுக்கு மீறி ஆள் சேர்த்துவிட்டோம் என்று தலைவர்களே ஒப்புக்கொண்டார்கள். எண்ணம் தவறியது அவர்களுடையது. நாற்காலி போனது வேறொருவருடையது. செயற்கை நுண்ணறிவு என்னும் புதுத்துறைக்குப் பணம் வேண்டும் என்பதும் பிறகு காரணமாகச் சொல்லப்பட்டது. தையலை விட்டு நாணயமாற்றுக்குப் போகும் கடைக்காரரை வாசகர்கள் இதற்குள் அடையாளம் கண்டிருப்பார்கள்.

வெளிநாட்டிலிருந்து சென்று எச்-1பி விசாவில் இருப்போருக்கு இன்னொரு சுமை. வேலை போன நாளிலிருந்து அதிகம் போனால் அறுபது நாள். அதற்குள் வேறு முதலாளி கிடைக்காவிட்டால், அல்லது விசாவின் தகுதியை மாற்றிக் கொள்ளாவிட்டால், நாட்டைவிட்டுப் புறப்பட வேண்டும். பிள்ளைகளின் பள்ளி, வீட்டுக் கடன், ஊரில் உம்மாவின் மருந்துச் செலவு எல்லாம் அந்த அறுபது நாளுக்குள் அடங்க வேண்டும். என் மாணவனின் அண்ணன் ஐம்பத்து மூன்றாம் நாளில் வேறொரு சிறிய நிறுவனத்தில் வேலை பெற்றார், அல்ஹம்துலில்லாஹ். பழைய சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். முன்பெல்லாம் விடுமுறைக்கு வந்தாலும் இரவில் கணிப்பொறியோடு உட்கார்ந்திருப்பார் என்றும், இப்போது மாலை ஐந்து மணி அடித்ததும் மூடிவைத்து விடுகிறார் என்றும் தம்பி சொன்னான். வீட்டாருக்கு அதில் மகிழ்ச்சி. எட்டு ஆண்டு கேட்டவர்களுக்கு எட்டு ஆண்டை மட்டும் எண்ணிக் கொடுக்க அவர் பழகிவிட்டார் என்று நான் எண்ணிக்கொண்டேன், அவனிடம் சொல்லவில்லை.

அடிசன் அவென்யூக் கொட்டகையைப் பற்றி ஒரு செய்தி எஞ்சியிருக்கிறது. ஹியூலெட்–பாக்கார்டு நிறுவனம் அந்த வீட்டை 2000ஆம் ஆண்டில் விலைக்கு வாங்கியது. 2005இல் அதை 1939இல் இருந்த தோற்றத்திலேயே செப்பனிட்டு முடித்தது. அதே 2005 ஜூலையில் 14,500 பேரைக் குறைக்கும் அறிவிப்பும் வந்தது. கொட்டகையைக் காண விரும்பிச் செல்வோர் நடைபாதையில் நின்று பார்த்துக் கொள்ளலாம். உள்ளே செல்லப் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.